பெர்சிஸின் சீட்டில் ஒரு கதவு

"பெட்ரோல் போட வந்துச்சா... முட்டைக்கடை போட வந்துச்சா இது?"

முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்த முணுமுணுப்பு தமிழில் இருந்தது. ரங்கூனுக்கு வெளியே கியாக்தான் பெட்ரோல் பங்க் வரிசையில், கன்னம் நிறையத் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, பூப்போட்ட லுங்கி கட்டி நிற்கிற பெண்ணுக்குத் தமிழ் எங்கே புரியப்போகிறது என்ற தைரியம் அந்தக் குரலில் இருந்தது.

பெர்சிஸ் மெல்லத் திரும்பினாள்.

"முட்டைக்கடைதான். வாத்து முட்டை. வேணுமா? ஆனா நாக்கு நீளமா இருக்கிறவங்களுக்கு நான் விக்கிறதில்ல."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! யாரிடமோ இரவல் வாங்கிய பைக்கில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தவன், காலை எடுப்பதா பைக்கைப் பிடிப்பதா என்று தெரியாமல் தடுமாறினான்.

"நீங்க... தமிழா?"

"இல்ல, கிளி. சொல்லிக் குடுத்ததைச் சொல்றேன்."

வரிசையில் ஹாரன்கள் அலறின. பெர்சிஸுக்கு இது புதிதில்லை. அவள் பைக்கின் பெட்ரோல் மூடி சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் போட சீட்டைத் தூக்க வேண்டும். சீட்டின் பின்பாதியிலோ முட்டை அட்டைகள் கோபுரமாய் அடுக்கி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருக்கும். ஆக, ஒவ்வொரு தடவையும் ரப்பரை அவிழ்த்து, கோபுரத்தை இறக்கி, சீட்டைத் தூக்கி, போட்டு, மூடி, மறுபடி ஏற்றி, மறுபடி கட்டி... பங்க்கிலும் ஒரு பைக்குக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றுகிற காலம் இது. அடிக்கடி வரத்தான் வேண்டியிருந்தது. அடிக்கடி ஹாரன் கேட்கத்தான் வேண்டியிருந்தது.

"பேசுற வாய்க்குக் கையும் இருக்கில்ல? சும்மா நிக்காம இதைப் பிடிங்க."

அவன் கையில் கோபுரத்தை ஏற்றினாள். முகவாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். தூறல் விழ ஆரம்பித்தது. இமை முடிகளில் மழைத்துளி நிற்க, துடைத்துக்கொள்ளக் கையில்லாமல் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்தான்.

"எப்பவும் இப்படித்தான் இறக்கி ஏத்துவீங்களா?"

"இல்ல, உங்களைப் பாத்த சந்தோஷத்துல இன்னைக்கு மட்டும்."

பின்னாலிருந்த லாரி ஒரு ஹாரன் அடித்தது பாருங்கள்... அவன் துள்ளினான். கோபுரமும் துள்ளியது. மேலட்டை சரிந்து, அவன் தோள், சட்டை, மூக்கு என்று வரிசையாக உடைந்து வழிந்தது.

"அமே!" என்று பர்மியத்தில் அலறினாள் பெர்சிஸ். மிச்சத்தைப் பறித்துக் கீழே வைத்தாள். "கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

"உங்க..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தி, "...முட்டை மேலதான்" என்று முடித்தான்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மூக்கு நுனியில் மஞ்சள் கரு தொங்க ஒருவன் அவ்வளவு பவ்யமாக நிற்கும்போது என்னதான் செய்வது? உதட்டைக் கடித்துக்கொண்டு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை அவன் மேல் வீசினாள். நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. ஓரத்தில் அவளே தைத்த சின்னப் பூ.

"துடைச்சுக்குங்க. திருப்பித் தர வேணாம்."

அவன் துடைத்துக்கொண்டே அவள் சீட்டைப் பார்த்தான். சீட்டைச் சுற்றி வந்தான். குனிந்தும் பார்த்தான்.

"முட்டை பின்னாடி உட்காருது. நீங்க முன்னாடி உட்கார்றீங்க. டேங்க் மூடி உங்களுக்கு நேர் கீழ. அப்போ முன்பாதியில ஒரு சின்னக் கதவு வெட்டினா...? நீங்க எழுந்திருக்கணும், கதவைத் திறக்கணும், போடணும், மூடணும். முட்டைக்குச் சேதியே தெரியாது."

"சீட்டுக்குக் கதவா? அப்புறம் ஜன்னலும் வெப்பீங்களா?"

"சிரிக்காதீங்க. நான் தாமுவேல சீட்டு தைக்கிறவன். இங்க அய்யாசாமி அண்ணன் பஸ்ஸுக்கு சீட்டுத் தைக்கத்தான் ஞாயித்துக்கிழமை வர்றேன். இது அவர் பைக்தான். முட்டைக்குப் பதிலா செஞ்சு குடுக்கிறேன்... கூலி வேணாம்."

"இதுக்கு முன்னாடி எத்தனை பைக்குக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

"நிறைய!"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அப்போதே யோசித்திருக்கலாம்... ஆனால் மழை வலுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் வேறு.

*

"சீட்டைக் கழட்டிட்டு பஸ்ல போறாளாம்! கேட்டியா கர்த்தரே!" என்று ஏசுரத்தினம் கூரையைப் பார்த்துச் சொன்னார். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகளிடம் சொல்ல முடியாததையெல்லாம் கர்த்தரிடம் சத்தமாகச் சொல்லுவது அவர் வழக்கம்.

"அப்பா, கதவு வெச்சா சுளுவா இருக்கும்ப்பா."

"பெர்சி, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டேன். மழைக்காலம் வருது. முட்டையோட நீ ஒரு தடவை நடு ரோட்டுல நின்னேன்னு என் காதுல விழுந்துச்சு... பைக்கை வித்துடுவேன். உன் சித்தி மக ஷீபா ஷ்வேப்யிதாவுல தையல் ஃபேக்டரியில இருக்கா. ஹாஸ்டல் இருக்கு. கூரைக்குக் கீழ வேலை. நனையாம வேலை பாக்கலாம்."

"நான் நனைஞ்சே வேலை பாக்கிறேன்ப்பா."

"கேட்டியா கர்த்தரே!"

அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குப் பயம். அவளுக்கும் ஒரு பயம் இருந்தது... ஷ்வேப்யிதாவின் அந்த நீளமான கட்டடங்கள். காலையில் உள்ளே போனால் இருட்டியபின் வெளியே. பைக்கில் வயல்காற்று முகத்தில் அடிக்க, டீக்கடைக்காரர்கள் "மா பெர்சிஸ் வந்தாச்சு!" என்று கூவ, பக்கத்து ஊர் தன்யின் பேக்கரி வரை போய்வருகிற இந்தப் பிழைப்பு... இது போனால் அவள் போன மாதிரி.

சீட்டை அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கைப் பெண்மணி தொட்டுப் பார்த்து, "பலாப்பழமா?" என்றாள்.

"இல்லக்கா. சீட்டு."

"சீட்டுல உட்கார்ந்து சீட்டைக் கொண்டுபோறியா?"

பைக்கிலேயே போய்விடலாம்தான். ஆனால் தாமுவே ரங்கூன் நகரத்துக்குள் இருக்கிறது. நகரத்துக்குள் பைக் ஓட்ட அனுமதி கிடையாது. ஆற்றுப் பாலத்தோடு பைக்குகளின் ராஜ்யம் முடிந்துவிடும்.

கடையின் பலகையில் 'ஜோதி சீட் ஒர்க்ஸ்' என்று இருந்தது. பார்த்ததும் ஏனோ அவளுக்குள் ஒரு சின்ன நெருடல்.

"ஜோதி யாரு... உங்க வீட்டுக்காரம்மாவா?" சாக்கை அவிழ்த்துக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள்.

"நான்தான். அருள்ஜோதி."

"ஆம்பிளைக்கு ஜோதின்னு பேரா?"

"பொண்ணு பொறக்கும்னு பேரை முடிவு பண்ணிட்டாங்க. நான் பொறந்தேன். பேரை வீணாக்க வேணாம்னு எனக்கே வெச்சுட்டாங்க."

பக்கத்து டீக்கடையிலிருந்து முஜிபுர் ரஹ்மான் பாய் எட்டிப் பார்த்தார்.

"அருளு, இதான் அந்த முட்டைத் தங்கச்சியா? ஒரு வாரமா அந்தக் கைக்குட்டையைத் துவைக்கிறான் தங்கச்சி, கறை போகலையாம். கறை என்னைக்கோ போயிருச்சு, நான் பாத்தேன்!"

"பாய்! டீ பொங்குது பாருங்க!"

"பொங்குறது டீ இல்லப்பா..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னத்துத் தனாக்காவுக்கு அடியில் என்னவோ சூடாக இருந்தது.

அவன் ரெக்சினை உரித்து, பஞ்சில் சாக்கட்டியை வைத்துக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன, வெட்ட மாட்டீங்களா?"

"இல்ல... கதவு விளிம்பு உங்களுக்குக் குத்தக்கூடாது. நீங்க எங்க உட்காருவீங்கன்னு தெரியணும்..." காது மடல் சிவந்துபோயிருந்தது அவனுக்கு. "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க ஸ்டூல்ல வெச்சு உட்கார்ந்து பாத்து, நீங்களே கோடு போட்டுருங்க."

சாக்கட்டியை வாங்கும்போது விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன. சுவரைப் பார்த்து நின்றவனின் பின்கழுத்தைப் பார்த்தபடி அவள் கோடு போட்டாள். இந்தக் காலத்தில் இப்படி ஒருவனா? கோடு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது... பார்வை கோட்டில் இருந்தால்தானே!

மாலைக்குள் கதவு முடிந்துவிட்டது. பஞ்சை வெட்டி, அடித்தட்டை அறுத்து, சின்னக் கீல் வைத்து, மேலே அதே சிவப்பு ரெக்சின் போர்த்தி... மூடினால் கதவு இருப்பதே தெரியாது. பிரஸ் பட்டனை அழுத்தினால் 'டக்' என்று திறக்கும்.

"டக்" என்றான் அவன்.

"டக்" என்றாள் அவளும். பிறகு இருவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

*

அதற்குப் பிறகு பங்க் வரிசையில் பெர்சிஸ்தான் ராணி. இறங்குவாள், 'டக்', போடுவாள், 'டக்', கிளம்புவாள். கோபுரம் அசையாது. பங்க்காரன் வாயைப் பிளந்தான். ஹாரன் அடித்தவர்களெல்லாம் "எங்கே பண்ணினே?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து அவள் வெளியே வரும்போது அய்யாசாமியின் பஸ் சரியாக ஆலயத்துக்கு எதிரில் நிற்கும். உள்ளே ஊசியும் நூலுமாய் அருள்ஜோதி. அவன் பேருக்கு முன்னால், பர்மியர்கள் ஆண்களுக்கு மரியாதையாகப் போடுகிற 'கோ'வைச் சேர்த்துக் கூப்பிடுவாள்.

"கோ அருள், இந்தப் பஸ்ஸுக்கு எத்தனை சீட்டு? இன்னுமா முடியல?"

"தைக்கிறதும் நான்தான்... பிரிக்கிறதும் நான்தான்."

"ஏன் பிரிக்கிறீங்க?"

"அடுத்த ஞாயிறு வரணுமே..."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். அய்யாசாமி உள்ளே தலையை நீட்டி, "தம்பி, நூல் இருக்கா?" என்பார். அவ்வளவுதான்... அடுத்த வாரம்.

அப்புறம் வந்தது மழை.

தூறலில்லை. வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டுகிற ரங்கூன் மழை. அன்று தன்யின் பேக்கரிக்கு ஒரு கல்யாணக் கேக்குக்காக முட்டை போயாக வேண்டும். பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வயல்வெளி நடுவில் பைக் ஒரு தடவை இருமியது. இரண்டாவது இருமலில் நின்றேவிட்டது.

உதைத்தாள். மறுபடி உதைத்தாள். கெஞ்சினாள். முட்டை அட்டைகள் ஊறிக் குழைய ஆரம்பித்தன. அடி அட்டை பிய்ந்தது... ஒவ்வொன்றாய் உருண்டு, உடைந்து, மஞ்சள் மஞ்சளாய் மழைத் தண்ணீரோடு ஓடியது.

கடைசியில் அய்யாசாமியின் பஸ்தான் அவளையும் பைக்கையும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கியது. மெக்கானிக் டேங்கைக் கவிழ்த்தான். பெட்ரோலைவிடத் தண்ணீர்தான் அதிகம் வந்தது.

"இந்தக் கதவு வழியா மழை இறங்கியிருக்கு. மூடியைச் சுத்திக் குளமா நின்னிருக்கு. நீ மூடியைத் திறந்தப்போ மொத்தமும் உள்ள போயிருச்சு" என்றான்.

ஏசுரத்தினம் எதுவும் சொல்லவில்லை. கர்த்தரிடம்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை பைக்கைப் பாக்க ஆள் வரும்" என்றார்.

பெர்சிஸ் கொல்லைப்புறம் போய் அருளுக்கு ஃபோன் போட்டாள்.

"கோ அருள், உங்க ஊர்ல சீட்டு மேல மழையே பெய்யாதா?"

நடந்ததை அவள் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பக்கம் மெல்ல ஒரு குரல்...

"பெய்யாது."

"என்ன?"

"நான் கார் சீட்டு தைக்கிறவன் பெர்சிஸ். டாக்ஸி, பஸ்... எல்லாம் கூரைக்குக் கீழ. தாமுவேலதான் பைக்கே கிடையாதே. சீட்டு மேல மழை பெய்யும்னு எனக்கு... தோணவே இல்ல."

"நிறைய பைக்குக்குப் பண்ணியிருக்கேன்னீங்களே!"

"ஒண்ணுகூட இல்ல. உங்களுதுதான் முதல்."

முட்டை போகட்டும்... கதவும் போகட்டும்... கேள்வி முடியுமுன்னே வந்த அந்த 'நிறைய'!

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே யோசிச்சிருப்பேன். நான் தினம் நனையிறவ. உங்க வாய்ச்சவடாலை நம்பினதுக்கு என் பொழைப்பே போகுது. இனிமே என்கிட்டப் பேசாதீங்க."

வைத்துவிட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு எதிரில் பஸ் நின்றது. உள்ளே அவன் இல்லை.

'வராமலிருந்தால் நல்லதுதான்' என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பேசாதே என்றால் பேசாமலே இருந்துவிடுவதா? என்ன பிள்ளை இவன்! புதன்கிழமை அவளே போட்டாள். சுவிட்ச் ஆஃப். வியாழக்கிழமையும் அதே.

"அந்த சீட்டுத் தம்பி ஆளையே காணோமே" என்றார் அய்யாசாமி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தாய்லாந்து போயிட்டானோ என்னவோ..." என்றார்.

இந்த ஊரில் வயசுப்பிள்ளை ஒருவன் சில நாள் கண்ணில் படவில்லையென்றால், ஃபோனும் எடுக்கவில்லையென்றால், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பிழைக்க எல்லை தாண்டிவிட்டான் என்பதுதான். சொல்லிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. திரும்பி வருகிறவர்கள் இன்னும் குறைவு.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. 'கடைசியா நான் சொன்ன வார்த்தை அதுவா இருக்கணுமா? வாய்ச்சவடால்னு சொன்னேனே... கதவு வெட்டும்போது எவ்வளவு பவ்யமா சுவத்தைப் பாத்து நின்னான்...'

சனிக்கிழமை காலை. பைக்கைப் பார்க்க ஆள் வருகிற நாள். அவள் அப்பாவிடம் சொல்லாமல் முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பைக் போனால் போகிறது. அது போவதைப் பார்க்கிற தைரியம் இல்லை... இன்னொன்று போயிருக்குமோ என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கிற தைரியமும் இல்லை.

தாமுவேயில் 'ஜோதி சீட் ஒர்க்ஸ்' மூடிக் கிடந்தது. பெரிய பூட்டு.

பெர்சிஸ் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஏன் தொட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"தங்கச்சி! இங்க என்ன பண்ற நீ?" பாய் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார்.

"பாய்... அவரு... போயிட்டாரா?"

"போயிட்டான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எப்போ பாய்? தாய்லாந்துக்கா?"

"எது? தாய்லாந்தா?" பாய் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "கியாக்தானுக்குத் தங்கச்சி! உங்க ஊருக்கு! விடியறப்பவே சீட்டு ஒண்ணைச் சாக்குல கட்டிக்கிட்டு பஸ் ஏறினான். பாலத்துல உன் பஸ்ஸும் அவன் பஸ்ஸும் ஒண்ணையொண்ணு பாத்துட்டுப் போயிருக்கும்!"

"ஃபோன் ஏன் ஆஃப்...?"

"அதைக் கேக்கிறியா! எங்கேயோ ஒரு பழைய பைக் சீட்டைப் பிடிச்சுட்டு வந்தான். கதவு வெட்டுவான். வாளி வாளியாத் தண்ணி ஊத்துவான். திறந்து பாப்பான். நனைஞ்சிருக்கும். தலையில அடிச்சுக்குவான். மறுபடி வெட்டுவான். இந்த வாரம் முழுக்க என் கடை வாசல்ல வெள்ளம்! அந்த வாளியிலதான் ஃபோனும் விழுந்து செத்துச்சு. புதுசு வாங்கித் தரேன்டான்னேன். 'வேணாம் பாய், பேசாதேன்னு சொல்லிருக்காங்க'ன்னான். அழுறியா நீ? ஏய், தங்கச்சி... சிரிக்கிறியா அழுறியா, ஏதாவது ஒண்ணு பண்ணு!"

அவள் இரண்டையும் பண்ணினாள். நெஞ்சிலிருந்து பாறையைத் தூக்கி யாரோ ஓரமாய் வைத்த மாதிரி இருந்தது. பாய் கையில் திணித்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, திரும்பவும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

*

வீட்டு வாசலில் அவள் கண்ட காட்சி!

ஏசுரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு நின்றார். அவருக்கு எதிரில் சிவப்பு பைக். பைக்குக்குப் பக்கத்தில், தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட அருள்ஜோதி.

"வா பெர்சி, வா. இப்பத்தான் ஒரு வாளி முடிஞ்சுது. இன்னொண்ணு மொண்டுட்டு வா."

"அப்பா, என்னப்பா பண்றீங்க?"

"ஊத்துறேன். இவன் காலையில வந்து நின்னான். விரட்டினேன். போகல. என்ன சொன்னான் தெரியுமா? 'ஐயா, நிறைய பைக்குக்குப் பண்ணியிருக்கேன்னு உங்க மக கிட்ட சொன்னது பொய். மழையை நான் மறந்துட்டேன். தண்ணி ஊத்திப் பாத்துட்டு அப்புறம் விரட்டுங்க'ன்னான். சரின்னு ஊத்தினேன். உள்ள ஒரு சொட்டுப் போகணுமே! எனக்கு வெறி வந்துருச்சு. பக்கவாட்டுல ஊத்தினேன், கீழேருந்து அடிச்சேன்..."

"அவர் மேல எதுக்குப்பா ஊத்தினீங்க?"

"அது முட்டைக்கு" என்றார் ஏசுரத்தினம்.

"பைக்கைப் பாக்க ஆள்...?"

"வந்தான். 'விக்கிறதா இல்ல, ஓரமா நின்னு வேடிக்கை பாரு'ன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, தனக்கும் ஒரு கதவு வேணும்னு சொல்லிட்டுப் போனான்."

வானம் இருண்டது. முதல் துளி பைக்கின் விளக்கில் விழுந்து தெறித்தது. பிறகு ஊரே மறைகிற மாதிரி மழை. மூவரும் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள்.

"இனி வாளி வேணாம். மேலேருந்தே அனுப்பிட்டாரு" என்று வாளியைக் கவிழ்த்தார் ஏசுரத்தினம். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "டீ போடுறேன்" என்று உள்ளே போனார். போகிற வழியில், "கேட்டியா கர்த்தரே..." என்று ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே முடித்தது மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

மழை... மழை... மழை. பைக் தன்னந்தனியாய் நனைந்துகொண்டு நின்றது.

"நான் அங்க போயிருந்தேன்" என்றாள் பெர்சிஸ். "தாமுவேக்கு. தாய்லாந்து போயிட்டீங்கன்னு நினைச்சு..."

"நானா? பைக் சீட்டு மேல மழை பெய்யும்னே தெரியாதவன் தாய்லாந்து போய் என்ன பண்ணுவேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எப்படித் தண்ணியை நிறுத்தினீங்க?"

"கார் கதவுல ரப்பர் பீடிங் இருக்கும் பாருங்க, மழை உள்ள வராம... அதை என் கையாலேயே எத்தனை காருக்கு மாட்டியிருக்கேன். கதவுன்னு நானேதான் சொன்னேன். கதவுக்கு பீடிங் வேணும்னு மூளைக்கு வர ஒரு வாரம் ஆச்சு. அதை மீறிப் போற தண்ணிக்கு விளிம்பைச் சுத்தி வாய்க்கால் எடுத்து, கீழ ஒரு ட்யூப் விட்டிருக்கேன். நேரா ரோட்டுக்குப் போயிரும்."

மழை மெல்லக் குறைந்தது. "போய்த் திறந்து பாருங்க" என்றான். "உள்ள ஒண்ணு வெச்சிருக்கேன்."

அவள் நனைந்துகொண்டே போனாள். பட்டனை அழுத்தினாள்.

டக்.

உள்ளே பெட்ரோல் மூடியின் மேல், நாலாய் மடித்து, நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. ஓரத்தில் அவள் தைத்த சின்னப் பூ. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அத்தனை வாளிக்கும் அத்தனை மழைக்கும் பிறகு... காய்ந்து, மொறமொறவென்று, வெயிலில் உலர்த்தி எடுத்த மாதிரி இருந்தது.

"நனைஞ்சிருந்தா?" என்றாள் திரும்பாமலே.

"ஒண்ணும் சொல்லாம பஸ் ஏறியிருப்பேன்." அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "நனையலைன்னா சொல்லிடறதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"என்ன சொல்லணும்?"

"எனக்கு... உங்களை... பெர்சிஸ், எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமைக்காகத் தைச்சதைப் பிரிக்கிற அளவுக்குப் பிடிச்சிருக்கு."

அவள் மெல்லத் திரும்பினாள். தனாக்கா மழையில் கரைந்து, கன்னம் பளிச்சென்றிருந்தது. கண்ணில் குறும்பு.

"இதுக்கு முன்னாடி எத்தனை பேர் கிட்ட இப்படிச் சொல்லியிருக்கீங்க?"

இந்த முறை பதில் அவசரப்பட்டு வரவில்லை. அவன் அவளை நேராகப் பார்த்தான்.

"ஒருத்தர் கிட்டகூட இல்ல. இதுதான் முதல். தெரியாமத்தான் சொல்றேன்... தப்பு இருந்தா திருத்திக்கிறேன்."

வாளிக்கும் மழைக்கும் நனையாத கைக்குட்டை அப்போதுதான் நனைந்தது. அவள் கண்களை ஒற்றிக்கொண்டு, அதை மறுபடி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பெர்சி!" உள்ளேயிருந்து அப்பாவின் குரல். "அந்தப் பையனுக்கு எப்போ பஸ்?"

"நேரம் இருக்குப்பா! துடைச்சுக்கத் துண்டு எடுத்து வைங்க!"

நடந்து போய் வாசற்படியில் ஒரு காலை வைத்தவள், நின்று, தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க, கோ... டீ ஆறிடும்."

கோ அருள் இல்லை. வெறும் கோ. ரங்கூன் வீடுகளில் ஒருத்தி பேர் சொல்லாமல் அப்படிக் கூப்பிடுவது தன் புருஷனைத்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததனால்தான், நன்றாகப் பார்த்துக் கால் வைத்தும், வாசற்படி தடுக்கியது.